பாஸ்கருக்கு, பொம்மை விஷயமாக

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதங்கள் வந்து சேர்ந்தன. பதில் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராகவன் சொன்னான். இனிமேல் என்னைக் கண்டும் காணாத மாதிரி நழுவ உனக்குச் சாக்கு இல்லை.

விஷயம் என் பெண் யாழினியைப் பற்றியது. ஆராய்ச்சிக்காக அயனிக் கற்றைக் கருவியில் வேலை செய்கிறாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? காலியம் அயனிகளை மெல்லிய கற்றையாகக் குவித்துப் பொருளைச் செதுக்கும் கருவி. கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில் ஒருநாள், மாதிரிகளை முடித்த பிறகும் அவளுக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கிறது. கழித்துப்போட்ட சிலிக்கான் துண்டின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் செதுக்கி, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஒரு முனையில் சின்ன ஓட்டை வேறு, நூல் கோத்துத் தொங்கவிடுவதற்காம்! அதில் நுழையும் நூலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். "அடுத்த வருஷம் அதையும் செய்துவிடலாம்பா" என்றாள்.

அந்தப் படம் அவளுடைய வழிகாட்டியின் கண்ணில் பட்டுவிட்டது. இது பொம்மை செய்யும் பட்டறை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கருவிக்காகப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து பெண் போனில் "ம்", "சரி" தவிர வேறு பேசுவதில்லை. போன வாரம், ஏதாவது வேலை கிடைத்தால் போய்விடலாம் என்று பார்க்கிறேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். சண்டைக்குப் போகமாட்டேன், படிக்க உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தேன். பார்த்தால், பேர்பெற்ற ஆய்வுக்கூடங்களெல்லாம் இந்தப் பொம்மை வேலையைச் செய்திருக்கின்றன!

2009இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டேவிட் காக்ஸ் என்பவர் ஒரு பனிமனிதனைச் செய்தார். அகலம் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலையும் உடம்பும் இரண்டு வெள்ளீய மணிகள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தால் அதைச் சரிசெய்யப் பயன்படும் மணிகள் அவை. கண்ணையும் சிரிப்பையும் அயனிக் கற்றையால் செதுக்கி, மூக்குக்குப் பிளாட்டினம் படியவைத்தார். இரண்டு மணிகளையும் சேர்த்து ஒட்டியதும் பிளாட்டினத்தால்தான். யாழினி உட்காரும் அதே வகைக் கருவி, பாஸ்கர்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒட்டும் வேலை. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். மேற்பரப்போ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆகவே அந்த அளவில் புவியீர்ப்பை யாரும் மதிப்பதில்லை, ஒட்டிக்கொள்ளும் விசைகள்தான் ராஜ்ஜியம் நடத்துகின்றன. ஊசிமுனையால் மணியை எடுப்பதைவிட அதைக் கீழே வைப்பதுதான் பெரும்பாடு. பசைக்கையில் ஒட்டிய காகிதத் துண்டு மாதிரி உதறினாலும் போகாது. "கை தவறிக் கீழே விழுந்துவிட்டது சார்" என்று தாடி வாத்தியாரிடம் நீ சொன்னது அங்கே செல்லுபடியாகாது.

அப்புறம் கனடாக்காரர்கள். வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டாட் சிம்ப்சன் 2016இல் வெளியிட்ட பனிமனிதனின் உயரம் 3 மைக்ரானுக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று சிலிக்கா உருண்டைகள், பிளாட்டினத்தில் கைகளும் மூக்கும். 2019இல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் காசாகிராண்டே, மனித முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சிலிக்கான் வீடு கட்டினார். செங்கல் வரிசை, புகைபோக்கி, வாசலில் கனடா கொடி போட்ட மிதியடி எல்லாம் உண்டு. அந்த வீட்டைக் கண்ணடிக்கும் ஒரு பனிமனிதனின் தலையில் தூக்கி வைத்தார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மவுரா வில்லெம்ஸ் என்ற மாணவி செய்த கிறிஸ்துமஸ் மரத்தில் இருப்பதே மொத்தம் 51 அணுக்கள். உயரம் 4 நானோமீட்டர். ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஒரு மாணவி!

"உலகிலேயே மிகச் சிறியது" என்ற இந்தப் போட்டி எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒருவன் பத்து என்றால் அடுத்தவன் மூன்று என்கிறான். பத்திரிகைகளும் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. போதாததற்கு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் தருவது கறுப்பு வெள்ளைப் படம்தான். வண்ணம் தெரிந்தால் அது பின்னால் கணினியில் யாரோ பூசியது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய 4 நானோமீட்டர் மரத்தின் உருவத்தை அந்த ஒளியால் பார்க்கவே முடியாது. அதைப் பச்சை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

ஆனால் டென்மார்க்கில் 2020இல் செய்ததைக் கேள். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொகில்டின் குழு, கார்பன் அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய கிராஃபீன் படலத்தில் ஒரு மரம் வெட்டியது. 14 சென்டிமீட்டர் உயரம், தடிமன் ஒரே ஓர் அணு. கிராஃபீன் சுருளிலிருந்து அதைக் கிழியாமல் பிரித்து இன்னொரு பரப்புக்கு மாற்ற அவர்கள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? லேமினேஷன் மெஷின்! அதைக் கொஞ்சம் மாற்றியமைத்துக்கொண்டார்கள். மாற்றும்போதே கிராஃபீன் படலத்தின் தரத்தை டெராஹெர்ட்ஸ் கதிர்வீச்சால் அளந்தார்கள். அந்த அளவைதான் அவர்களுக்கு முக்கியம், மரம் ஒரு சாக்கு. எலக்ட்ரானிக்ஸ் செய்ய வேண்டுமானால் இவ்வளவு பெரிய படலத்தைச் சேதமில்லாமல் எடுத்து வைக்கவும், சேதமில்லை என்று நிரூபிக்கவும் தெரியவேண்டும்.

சிம்ப்சன் கதையும் இப்படித்தான். தனித்தனி சிலிக்கா உருண்டைகள் செய்ய முயன்றபோது சில இடங்களில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிட்டன. மூன்று உருண்டை அடுக்கியிருந்ததைப் பார்த்ததும்தான் பனிமனித யோசனையே வந்திருக்கிறது. வீணான மாதிரி என்று அதைத் தூக்கிப்போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்?

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1959 டிசம்பர் 29இல் அமெரிக்காவின் கால்டெக்கில், பொருள்களை மிகச் சிறிதாகச் செய்வது பற்றிப் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும், நாம் படித்துவிட்டு இரவெல்லாம் சண்டை போட்டோமே. புத்தகப் பக்கம் ஒன்றை நீள அகலத்தில் 25,000இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஆயிரம் டாலர் என்று அப்போது பரிசு அறிவித்தார். 1985இல் அதை வாங்கியது ஸ்டான்ஃபோர்டின் டாம் நியூமன், அவரும் ஆராய்ச்சி மாணவர்தான். எழுதியதைவிட, எங்கே எழுதினோம் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருந்ததாம். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் அவளுடைய வழிகாட்டிக்கு எழுதிப்போடலாமா என்றுகூட நினைத்தேன். யாழினி என்னைக் கொன்றேவிடுவாள்.

சரி, கேலியை விடு. நீ ஆராய்ச்சியை விட்ட வருடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. உனக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்லவில்லை, உழைப்பிலும் குறையில்லை. கருவி அறைக்குள் காலெடுத்து வைக்கவே பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாய். அதே குரல் இப்போது இவளிடம் கேட்கிறது, பாஸ்கர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை கிடைத்து அவள் போனால் போகட்டும், அது அவள் முடிவு. வெறுத்துப்போய் எழுந்து வரக்கூடாது.

நான் என்ன சொன்னாலும் அப்பா சொல்வதாகத்தான் அவள் காதில் விழும். நீ பேசு. புத்தி சொல்லாதே. விட்டதற்காக வருத்தப்பட்டாயா இல்லையா என்பதை உள்ளபடி சொல், அது எதுவாக இருந்தாலும் சரி. நட்சத்திரத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார். அந்த ஓட்டையை எப்படிப் போட்டாள் என்று கேள், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அறையில்தான் இருப்பாள். எண் ராகவனிடம் இருக்கிறது. நான் சொல்லிக் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள், இருந்தாலும் காட்டிக்கொள்ளாதே.

உன்,
முரளி