சுவர் காயட்டும், ராசா

ஏரல்
28.4.2024

அன்பு ராசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நம் ஊர்க் கோயில் சேர்மன் சாமி புண்ணியத்தில் நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாய் இருக்கணும்.

போனில் இதை முழுசாகச் சொல்ல முடியவில்லை. நான் சுவரைப் பற்றி ஆரம்பித்தால் நீ பணத்தைப் பற்றிப் பேசுகிறாய், அதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

முதலில் உன் பாடு. ஏப்ரல் 16 அன்று சார்ஜாவில் பெய்த மழையை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நாலாவது மாடி என்பதால் கொஞ்சம் மனசு ஆறியது. கீழே நின்ற காரில் சீட்டு வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது என்றாயே, ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருப்பிக்கூடப் பார்க்காதே என்று அப்பா சொல்லச் சொன்னார்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் கிடக்கும்போது ஓடவிட்டால் உள்ளே ராடு வளைந்துபோகுமாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோகணும். இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தண்ணீர் நின்ற அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

இனி நம் வீட்டு விஷயம். ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு நீங்கள் வரும்முன் எல்லாச் சுவருக்கும் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, கீழே நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடச் சொல்கிறாய். பிள்ளைக்கு ஓதக் காற்று ஆகாது, நல்லபடியாய் இருக்கணும் என்ற அக்கறையில் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் ராசா. இந்த வருஷம் பெயிண்ட் கிடையாது, டைல்ஸ் கிடையவே கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை என்ன மழை என்று உனக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு கிடையாது. வானத்துத் தண்ணீர் போதாதென்று தாமிரபரணி ஆறும் ஊருக்குள் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்துக்குத் தாத்தா பட்டாசல் கூடத்து நிலைக்கட்டையில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்களே, இந்தத் தடவை அது தண்ணீருக்குள் போய்விட்டது. எதிர்வீட்டு மாடியில்தான் எல்லோரும் கிடந்தோம். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. உயிரோடு இருக்கிறோம், அது போதும்.

தண்ணீர் வடிந்தபோது வீட்டுக்குள் முழங்காலளவு சேறு. மதுரைப் பக்கமிருந்து வந்த பையன்கள், யார் பெற்ற பிள்ளைகளோ, மண்வெட்டியோடு இறங்கி முன்கட்டு, பின்கட்டு இரண்டையும் வழித்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். காபி போட்டுக் கொடுக்க அடுப்புக்கூட இல்லை எனக்கு. ரேஷன் கடையில் வெள்ள நிவாரணமாகக் கொடுத்த 6000 ரூபாயில் பாயும் தலையணையும் சமையல் பாத்திரமும் வாங்கினோம்.

சேறு போனதும் வீடு சுத்தமாகிவிட்டது போல இருந்தது. ஆனால் தண்ணீர் வீட்டை விட்டுப் போகவில்லை, சுவருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. செங்கலும் காரையும் குடித்த தண்ணீர் துடைத்தால் வராது. வெளியே வர மாசக்கணக்காகும். நம் வீட்டில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்கட்டு, அதாவது முன்பக்கத் தார்சாவும் நடுக்கூடமான பட்டாசலும் உள்ளறையான அரங்கும், தாத்தா சுண்ணாம்புக் காரையில் கட்டியது. பின்னால் அடுக்களையும் பாத்ரூமும் நீ பிறந்த பிறகு சிமெண்டில் எடுத்தது, அதற்கு மேல் பெயிண்டும் அடித்திருந்தோம். ஒரே வெள்ளம், ஒரே நாளில் வடிந்தது. முன்கட்டில் பங்குனியிலேயே சுவர் வெளுத்துவிட்டது. அடுக்களைச் சுவரோ இன்னும் கருத்துக் கிடக்கிறது. பெயிண்ட் தோசையில் எழும்புகிற கொப்புளம் மாதிரி பொருமி, தொட்டால் தோல் தோலாய் உரிகிறது.

கொத்தனார் அண்ணாச்சி வந்து விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "உள்ளே ஈரம் வெளியே வரப் பார்க்குது தாயி, பூச்சு வழி விட மாட்டேங்குது. சுண்ணாம்புச் சுவர்னா வேர்த்துக்கிட்டே காஞ்சிரும்" என்றார். அடுக்களையில் பொருமின பெயிண்டைச் சுரண்டி, வெள்ளக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டார். இப்போது அங்கே செங்கல் தெரிகிறது. நீ வரும்போதும் அப்படித்தான் இருக்கும். இதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துச் சீல் வைத்த மாதிரி ஆகும். டைல்ஸுக்கு மேலே, சுவரின் மேல்பாதியில் ஈரம் ஏறி உப்பு பூக்கும். அதுவும் பட்டால்தான் தெரியும் என்றில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பொங்கலுக்குள் எல்லாம் பளிச்சென்று முடித்தார்கள். அந்த வீட்டுக்காரம்மா இப்போது காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் வீட்டுக்குள் உதிர்ந்து கிடக்கிற பட்டியைத்தான் கூட்டி அள்ளுகிறாள். வீடு வீடாக ஒருத்தர் வந்தார், ஏதோ கெமிக்கல் அடித்தால் பத்து வருஷத்துக்கு கியாரண்டி என்று. ஈரச் சுவருக்கு மேல் எதை அடித்தாலும் நிற்காது என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

சுவரில் பஞ்சு மாதிரி வெள்ளையாய் உப்பு பூக்கிறது. அதைப் பூஞ்சை என்று நினைத்து நீ போட்டோவைப் பார்த்துப் பயந்தாய். அது சுவருக்குள் இருக்கிற உப்பு. தண்ணீர் வெளியே வந்து காயும்போது அதையும் கூட்டிக்கொண்டு வந்து மேலே விட்டுவிட்டுப் போகிறது. ஈரத்துணி போட்டுத் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். நான் காய்ந்த தேங்காய்நார் பிரஷால் தேய்த்து, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுகிறேன். முன்னே ஒரு கைப்பிடி வரும், இப்போது ஒரு சிட்டிகைதான் வருகிறது. கறுப்பாய்ப் புள்ளி புள்ளியாய் வருவதுதான் பூஞ்சை. அது அரங்கில் மட்டும் கொஞ்சம் இருந்தது, அங்கே ஜன்னல் கிடையாது அல்லவா. பீரோவைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டு, டேபிள் ஃபேனை வாசல் பக்கம் காற்றுப் போகிற மாதிரி திருப்பி வைத்த பிறகு புதிதாய் வரவில்லை.

காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். சேலை வருகிற பிளாஸ்டிக் கவரைக் கிழித்து, நாலு பக்கமும் டேப் போட்டு ராத்திரி சுவரில் ஒட்டிவைக்கிறேன். விடிந்து பார்த்தால் கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பட்டாசலில் இப்போது கவர் காய்ந்தே இருக்கிறது. அடுக்களையில் போன வெள்ளிக்கிழமையும் நீர் கோத்திருந்தது. அதிலும் காற்றுப் படுகிற மேல்பக்கம், அலமாரி இருந்த இடம், சீக்கிரம் காய்கிறது, தரையோரம் தாமதம். முன்கட்டுக்கு ஆனியில் வெள்ளை அடிக்கலாம், சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் நீற்றி வைத்தாயிற்று. அடுக்களைக்கு அடுத்த தை வரை கை வைக்கப்போவதில்லை. அதற்குள் ஒரு ஐப்பசி மழையும் வந்து போகும், சுவர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாசல் தேக்குக் கதவைப் பற்றிக் கேட்டாயே. உப்பிப்போய்ச் சாத்தவே முடியவில்லை. அப்பா இழைப்புளி போடச் சொன்னார்கள். ஆசாரி மாட்டேன் என்றுவிட்டார். ஈரத்தில் இழைத்தால் காய்ந்த பிறகு சந்து விழும், பொறுங்கள் என்றார். கயிறு போட்டுக் கட்டிப் படுத்தோம் அவ்வளவு நாளும். மாசி வெயிலில் கதவு தானாக இறங்கிவிட்டது, இப்போது முன்போலத் தாழ்ப்பாள் விழுகிறது. அடுக்களையில் நீ போட்டுக்கொடுத்த பிளைவுட் அலமாரி மட்டும் ஏடு ஏடாய்ப் பிரிந்துவிட்டது. அது தேறாது. அந்த இடத்தில் கடப்பாக்கல் பலகை வைத்துவிட்டோம், இனி எத்தனை வெள்ளம் வந்தாலும் கழுவி விடலாம்.

கரண்டு வேலையில் மட்டும் நான் ஒரு பைசா மிச்சம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியையும் கழற்றச் சொன்னேன், உள்ளே ஆற்று மண் காய்ந்து கட்டியாய் இருந்தது. வெள்ளத்தில் முங்கின வயரையெல்லாம் உருவிப் புதுசு இழுத்தாயிற்று. பிளக் பாயிண்டெல்லாம் என் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றியாயிற்று. கசிவு இருந்தால் தானாகவே அணைந்துவிடுகிற பிரேக்கரும் போட்டிருக்கிறது. பிள்ளை சுவரைத் தொட்டு விளையாடினாலும் பயம் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டினோம். கிரைண்டரைப் பிரித்துக் காயவைத்த பிறகே ஓடவிட்டோம், நன்றாக ஆட்டுகிறது.

கிணற்றை இரண்டு தரம் இறைத்தோம். நர்சம்மா வந்து பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். இருந்தும் குடிக்க இன்னும் காய்ச்சித்தான் வைக்கிறேன்.

உன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டெல்லாம் அக்கா வீட்டில் இருந்ததால் தப்பியது. வீட்டுப் பத்திரம் நனைந்துவிட்டது. அப்பா அதை வெயிலில் போட விடவில்லை. ஏட்டுக்கு ஏடு பழைய நியூஸ்பேப்பர் வைத்து, ஃபேன் காற்றில், பேப்பரை மாற்றி மாற்றிக் காயவைத்தார்கள். எழுத்து தெரிகிறது, முத்திரை மட்டும் பரவிவிட்டது. உங்கள் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாய் நகத்தால் பிரித்தேன். பாதிக்கு மேல் வந்துவிட்டது. மாலை மாற்றுகிற படம் வரவில்லை ராசா. மருமகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திச் சொல்லாதே. உங்கள் போனில் இருந்தால் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நீ இன்னொன்றும் சொன்னாய், வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலில் அக்கா பக்கத்தில் வந்து இருங்கள் என்று. அப்பாவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அரங்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொல்கிறேன்: நாங்கள் வரவில்லை. ஆறு மறுபடி வராது என்று நான் சொல்ல மாட்டேன். 92இல் வந்தது, இப்போது அதைவிட ஏறி வந்தது. வந்தால் ஏறி நிற்க நம் வீட்டிலேயே ஒரு இடம் வேண்டும், பிறத்தியார் மாடியை எதிர்பார்த்து இருக்கக்கூடாது. அடுத்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அன்றைக்கு அந்த மாடியில் கால் நீட்ட இடமில்லை.

அதனால் நீ பெயிண்டுக்கும் டைல்ஸுக்கும் என்று ஒதுக்கிய பணத்தை அப்படியே வை. தை பிறந்ததும் பின்கட்டு மொட்டைமாடித் தட்டட்டியில் ஒரு மச்சு போடுவோம். முன்கட்டின் மேல் பாரம் ஏற்ற வேண்டாம், அது சுண்ணாம்புத் தளம். பின்கட்டு கான்கிரீட் தாங்குமா என்று இஞ்சினியர் ஒருவரை வைத்துப் பார்த்த பிறகே செய்வோம். ஒரு ரூம், ஒரு கக்கூஸ், வெளியே இருந்து ஏறுகிற படி. படி வெளியே இருந்தால் அக்கம்பக்கத்தாரும் ஏறிக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்ததும் பத்திரம், அரிசி மூட்டை, மருந்து, ஒரு சிலிண்டர் எல்லாம் மேலே போய்விடும். இது ஒன்றுதான் உன்னிடம் நான் கேட்பது.

ஆடிக்கு வாருங்கள். பட்டாசலில் படுக்கலாம், அது காய்ந்துவிட்டது, வேப்பமரக் காற்றும் வரும். பிள்ளைக்குப் புது உடுப்பு போட்டுச் சுவரோரம் விடாதீர்கள், வெள்ளை அடித்தது முதுகில் ஒட்டும். பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு சார்பதிவாளர் ஆபீசில் மனு கொடுக்க அப்பா வியாழக்கிழமை போகிறார்கள். உன் ஆதார் நகலும் ஒன்று இருந்தால் நல்லது என்றார்கள், மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா