தணிக்கையின் கதையையும் எழுதுங்கள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஓவியர் பெயர், ஆண்டு, கதைச்சுருக்கம் எல்லாம் படத்துக்குக் கீழே எழுதுகிறீர்கள். அது எந்தத் தடைக்கு நடுவே அச்சானது என்பதையும் எழுதுங்கள்.

ஓவியர் உத்தகாவா குனியோஷியின் மண்சிலந்திப் படத்தையே எடுத்துக்கொள்வோம். மண்சிலந்தி என்பது ஜப்பானியப் பழங்கதையில் வரும் பூதச் சிலந்தி. 1843-இல் மூன்று தாள்களில் வந்தது. வலப்பக்கம் பிரபு யோரிமித்சு நோயில் படுத்துத் தூங்குகிறார். பின்னால் சிலந்தி வலையை விரிக்கிறது. அருகே காவல் வீரர்கள் கோ என்ற பலகை விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருட்டில் பெரிய பேய்ப்படை. பழங்கதை என்று மட்டும் குறிப்பு போட்டால், பார்க்க வந்தவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் அப்படி நகரவில்லை. பிரபுவை அடுத்து உட்கார்ந்திருக்கும் அவருடைய வீரர் சுஎதாகேயின் உடையைப் பாருங்கள். அம்புமுனை போன்ற இலை கொண்ட நீர்ச்செடிச் சின்னம் அதில் இருக்கிறது. அது அன்றைய முதன்மை அமைச்சர் மிசுனோ தாதகுனியின் குலச்சின்னம். அப்புறம் என்ன? தூங்குபவர் அன்று நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் இயெயோஷி என்று ஊர் பேசியது. நடிகர், விலைமாதர் படங்களுக்குக்கூட 1842-இல் தடை போட்ட மிசுனோவின் சீர்திருத்தங்களால் பிழைப்பு இழந்தவர்களே அந்தப் பேய்கள் என்றும், எந்தப் பேய் எந்தத் தொழில் என்றும் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். பயந்துபோன பதிப்பாளர் இபாயா சென்சாபுரோ படத்தைத் திரும்பப் பெற்றுக் கட்டைகளையும் அழித்தார். குனியோஷிக்குத் தண்டனை இல்லை. மிசுனோ அதே ஆண்டில் பதவி இழந்தார்.

குனியோஷி ஏன் யோரிமித்சு காலத்துக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் வாழ்ந்த போர்வீரர்களைப் பெயரோடு வரையக் கூடாது என்பது அன்றைய அரசின் விதி. அந்தப் பிற்பகுதியில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியை அவருடைய மனைவியரோடு வரைந்ததற்காக 1804-இல் ஓவியர் உத்தமாரோ ஐம்பது நாள் கைவிலங்கோடு இருந்தார். இரண்டே ஆண்டில் இறந்தும் போனார். யோரிமித்சுவோ எட்டு நூற்றாண்டுக்கு முந்தையவர். அவரை வரைய யாரும் தடை சொல்ல முடியாது.

தணிக்கை முத்திரைகளும் அப்படித்தான். 1790-இலிருந்து விற்பனைக்கு வந்த படங்களில் அனுமதி முத்திரை கட்டாயமாக இருந்தது. காட்சியில் அதைப் பெரும்பாலும் தேதி கணிக்கும் அடையாளமாகத்தான் காட்டுகிறீர்கள். நிலத்தடிக் கெளுத்திமீன் அசைவதால் நிலம் நடுங்குகிறது என்ற நம்பிக்கையை வைத்து, 1855 எடோ நிலநடுக்கத்துக்குப் பின் குவிந்த கெளுத்திமீன் படங்களில் முத்திரையும் இல்லை, ஓவியர் கையெழுத்தும் இல்லை. 'ஓவியர் தெரியவில்லை' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அனுமதி வாங்காமல் அச்சிட்டவர் பெயரை மறைத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வரி போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மண்சிலந்திப் படத்தைக் குனியோஷியின் அரசியல் கேலி என்று அடித்து எழுதாதீர்கள்; மக்கள் அப்படிப் படித்தார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். கட்டைகளை அழித்த இபாயாவின் பெயரையும் ஓவியர் பெயருக்குக் கீழே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு பார்வையாளர்