இடது கையால் நீ எழுதிய கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறைமேல் இருந்த கோணல் எழுத்தைப் பார்த்து யாரோ சிறுபிள்ளை எழுதியது என்று நினைத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது வரியில், "இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்" என்று இருக்கிறது. வகுப்பிலேயே முத்து முத்தாக எழுதியவன் நீ. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிராக்டர் தண்டில் சட்டைக் கை மாட்டி முன்கை எலும்பு இரண்டும் முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள், சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டாய். உன் முதலாளி நல்லவர் என்பதற்கு இரண்டு பக்கம். "தப்பு என்னுடையதுதான், சட்டைக் கையை மடித்துவிட்டிருக்க வேண்டும். உப்பிட்டவரிடம் போய் நஷ்டஈடு கேட்பதா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். இந்த இடத்தில்தான் எனக்கு உன்மேல் கோபம்.

டிராக்டருக்குப் பின்னால் சுழன்று, எஞ்சின் சக்தியை மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் அந்த பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. வினாடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி மாட்டியது கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கையை இழுப்பதற்கு அரை வினாடியாவது வேண்டும். அதற்குள் தண்டு நான்கு தடவைக்கு மேல் சுற்றித் துணியையும் கையையும் சேர்த்து உருட்டிவிடும். எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் மனிதனால் அந்த வேகத்தை முந்த முடியாது. அதனால்தான் அந்தத் தண்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்கள். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், "உறை போன வருடமே உடைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். நீ போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் உன் வழக்கே. சட்டைக் கை தொங்கியது உன் பங்கு என்றே வைத்துக்கொள். உடைந்த உறையை ஒரு வருடம் மாற்றாமல் விட்டது யார் பங்கு?

நான் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. இடுப்பெலும்பு விரிசலோடு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போது மேஸ்திரி காதோடு சொன்னார்: "வீட்டில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் போலீஸ், கேஸ் என்று இழுப்பார்கள்." வலி உயிர் போகிறது, சீக்கிரம் ஊசி போட்டால் போதும் என்றிருந்தது. அப்படியே சொன்னேன். சீட்டில் நர்ஸ் எழுதியது நான்கே வார்த்தை: "வீட்டில் தவறி விழுந்தார் என்கிறார்." எட்டு மாதம் கழித்து, இனி பாரம் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நஷ்டஈடு கேட்கப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் பேசவில்லை. அந்த வரியை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னோடு வண்டியில் நின்ற இருவரும் அறுவடைக்கு வந்த கூலிகள். அதற்குள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் குளிர்காலத்தில் காலையில் எழுந்து நிற்க எனக்குச் சுவர் வேண்டும். அந்த நான்கு வார்த்தைக்குக் கொடுத்த விலை.

அதனால்தான் இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன். முதலில் உன் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, எப்படி அடிபட்டது என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கையைப் படிக்கச் சொல். தவறாக இருந்தால் நாளைக்கே டாக்டரைப் பார்த்துத் திருத்தச் சொல். அடுத்தது அந்தத் தண்டு. விபத்து நடந்த மறுவாரமே புது உறை மாட்டிவிடுவார்கள். மாட்டட்டும், அடுத்தவன் கையாவது தப்பும். ஆனால் அதற்கு முன் இருந்த நிலைக்கு ஒரு படம் வேண்டும். உன்னோடு வேலை செய்யும் பையன் போனில் எடுத்ததாக எழுதியிருந்தாயே, அதை இன்றே வாங்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள். அவனையும், இயந்திரத்தை நிறுத்திய டிரைவரையும், கண்ணால் கண்டதைத் தேதி போட்டு எழுதித் தரச் சொல். விபத்து நடந்ததை முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள். அவருக்கு நேரில் தெரியுமே என்பாய். தெரிந்தது வேறு, எழுத்தில் தெரிவித்தது வேறு. தெரிவிப்பதற்கும் நஷ்டஈடு கேட்பதற்கும் கெடு உண்டு, அது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் வாரக்கணக்கு, சில இடங்களில் வருடக்கணக்கு. உன் பகுதியில் எத்தனை நாள் என்பதைத் தொழிலாளர் அலுவலகத்திலோ சங்கத்திலோ இந்த வாரமே கேட்டுவிடு.

சம்பளம் கையில்தான் வாங்கினேன், ரசீது ஏது என்று கவலைப்பட்டிருந்தாய். பண்ணை வேலையில் ரசீது யாருக்கு இருக்கிறது? தங்கை வரவு செலவு எழுதும் நோட்டு, வேலைக்கு வரச்சொல்லி வந்த குறுஞ்செய்திகள், கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் சாட்சிதான். "அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தத்துக்கு வந்தவர்" என்று பிறகு ஒரு பேச்சு வரும். பதறாதே. வேலை நேரத்தை யார் சொன்னார்கள், டிராக்டர் யாருடையது, யார் ஏவினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், பெயரை அல்ல.

தப்பு யாருடையது என்று மறுகுகிறாயே, அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. படுக்கையில் கிடந்த மாதங்களில் இதையெல்லாம் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்காரரிடம் வேலை பார்த்த ஆள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி சரிந்து தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டான். ஜூரி அவன் பக்கம் நின்றது. 1837ல் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆபத்து என்று தெரிந்தால் வேலையை மறுத்திருக்கலாமே என்பது அவர்கள் வாதம். நீ உனக்கே சொல்லிக்கொள்வதும் அதேதான், நண்பா! உலகம் அதைத் தாண்டி வந்து வெகுநாள் ஆகிறது. ஜெர்மனியில் 1884ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது, 1886ல் விவசாயத்துக்கும் நீட்டினார்கள். அங்கே கேள்வி யார் தப்பு என்பதல்ல, வேலையில் அடிபட்டதா என்பதுதான். இங்கிலாந்தில் 1897ல் வந்த சட்டம் பண்ணை ஆட்களை விட்டுவிட்டது, 1900ல்தான் சேர்த்தார்கள். மற்றத் தொழிலாளிக்கு உள்ள நஷ்டஈட்டுச் சட்டம் விவசாயக் கூலிக்கும் பொருந்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே உடன்படிக்கை செய்தது. ஒவ்வொரு தடவையும் வயலில் நிற்பவன்தான் கடைசியில் உள்ளே வந்திருக்கிறான். வந்த பிறகும் அவனே வெளியே நிற்க ஆசைப்பட்டால் எப்படி?

இனி முதலாளி. ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டினார், இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தார். நல்ல மனிதர் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பண்ணைக்குக் காப்பீடு இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேள். இருந்தால், அவர் பணம் கட்டி வந்தது இப்படி ஒரு நாளுக்காகத்தான். நீ கேட்காமல் இருந்தால் மிச்சப்படுவது காப்பீட்டுக்காரனுக்கு. அவரும் தன் கையைக் கடித்துக்கொண்டு எத்தனை மாதம் கொடுப்பார்? அடுத்த பருவத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அப்போது அவர் நன்மனது அப்படியே இருக்கும், உன் விரல் மட்டும் மடங்காது.

விரல் விஷயத்தில் இன்னொன்று. ஊனம் இத்தனை சதவீதம் என்று டாக்டர் ஒரு கணக்குக் கொடுப்பார். அது உடம்புக் கணக்கு. மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவனுக்கு இரண்டு விரல் மரத்துப்போவதும், ஸ்டியரிங் பிடித்துப் பால் கறந்து பிழைக்கும் உனக்கு மரத்துப்போவதும் ஒன்றா? சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைத் தனியாக வாதாட வேண்டும். நரம்பு மெதுவாகத்தான் தேறும், முழு நிலவரம் தெரியவே ஒரு வருடம் ஆகலாம். அதற்கு முன் "முழுத் தீர்வு" என்று போட்ட காகிதத்தோடு யாராவது வருவார்கள். தொகை பெரிதாகத் தெரியும். வாங்கினால் கதவு அதோடு மூடிவிடும்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். பழைய கோப்பையும் எடுத்து வருகிறேன், என் தவறுகள் எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன. இரண்டு பேரும் உட்கார்ந்து, அன்று காலை முதல் நடந்ததை நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அதுவரை யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, இடது கையாலும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்