பஃபலோவிலிருந்து அப்பாவுக்கு

பஃபலோ, நியூயார்க்
14 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? தீபாவளியன்று வீடியோவில் பேசும்போது வெடிச்சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்ததில் ஒன்று மட்டும் இரண்டு நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. "வியட்நாம்லயும் ஈராக்லயும் குண்டு போட்ட நாட்டுக்கா நீ சத்தியம் பண்ணப் போற?" என்று கேட்டீர்கள். உடனே அம்மா போனைப் பிடுங்கி, பலகாரம் ஏதாவது செய்தாயா என்று பேச்சை மாற்றிவிட்டாள். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். அதனால்தான் எழுதுகிறேன். நைட் டியூட்டி முடித்து வந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடிமகளாகச் சத்தியம் செய்வதற்கு முன் எழுதும் குடியுரிமைப் பரீட்சைக்கு 100 கேள்விகளை முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள். இன்டர்வியூவில் 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் பாஸ். "1800களில் அமெரிக்கா நடத்திய போர் ஒன்றைச் சொல்" என்று ஒரு கேள்வி. 1812 போர், மெக்சிகோ போர், உள்நாட்டுப் போர், ஸ்பெயின் போர், இவற்றில் ஒன்றைச் சொல்லலாம். "1900களில் ஒன்றைச் சொல்" என்றால் இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம், வளைகுடா. உங்கள் வியட்நாம் சரியான விடைதான், அதை ஒளிக்கவில்லை. ஆனால் 1899இல் தொடங்கி 1902இல் முடிந்ததாக அமெரிக்கா அறிவித்த பிலிப்பைன்ஸ் போர் இரண்டு பட்டியலிலும் இல்லை.

எனக்கு இதைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் வார்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோ அக்கா. எனக்கு 10 வருஷம் மூத்தவர், சமார் தீவுக்காரர். பிரேக் நேரத்தில் என் கேள்வித்தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எங்கள் ஊர்ப் போரைக் காணோமே" என்று சிரித்தார். அப்புறம் என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே கதையைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டு கியூபாவில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் நின்ற மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. ஸ்பெயின்தான் காரணம் என்று பத்திரிகைகள் கூச்சல் போட, ஏப்ரலில் போர் தொடங்கி ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம். பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்கா. அந்த மக்களோ ஜூன் மாதமே தங்களுக்குச் சுதந்திரம் என்று அறிவித்திருந்தார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே இரண்டு பேர் ரிஜிஸ்டர் ஆபீஸில் கிரயம் முடித்த கதைதான். பிறகு நடந்த சண்டையில் 4,200க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். பிலிப்பைன்ஸ் பொதுமக்கள் சுமார் 2 லட்சம் பேர் என்கிறார்கள், பெரும்பாலும் பட்டினியிலும் காலராவிலும்.

அக்காவின் தீவில் பலாங்கிகா என்றோர் ஊர். 1901 செப்டம்பர் 28 அன்று ஊர்மக்கள் அங்கிருந்த அமெரிக்கப் படைமேல் பாய்ந்தார்கள். சர்ச் மணி அடித்ததுதான் சைகை. 48 சிப்பாய்கள் செத்தார்கள். பதிலுக்கு, 10 வயதுக்கு மேற்பட்ட யாரையும் விடாதீர்கள் என்று உத்தரவு போட்டார் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். ராணுவக் கோர்ட்டில் விசாரித்தார்கள். தண்டனை என்ன தெரியுமா? கண்டனம், அப்புறம் ஓய்வு. ஊரின் மூன்று மணிகளையும் படைக்காரர்கள் எடுத்துப்போனார்கள். 2018 டிசம்பரில்தான் அவை திரும்பிப் போயின. அந்த வீடியோவை அக்கா இன்னும் போனில் வைத்திருக்கிறார்.

இதை மட்டும் சொன்னால் "நான்தான் சொன்னேனே" என்பீர்கள். மீதியையும் கேளுங்கள்.

நான் இருக்கும் இந்த ஊரில்தான் 1901இல் பான் அமெரிக்கன் பொருட்காட்சி நடந்தது. பக்கத்தில் நயாகரா அருவி, அதன் மின்சாரத்தில் கட்டடங்கள் முழுக்க விளக்கு. மக்கள் வாய் பிளந்து பார்த்திருக்கிறார்கள். அதில் பிலிப்பினோ கிராமம் என்று வேலி கட்டி, நிஜ மனிதர்களையே கொண்டுவந்து உட்கார்த்தி டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். அங்கே போர் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில்!

அந்தப் போர்களை நடத்திய ஜனாதிபதி மெக்கின்லி செப்டம்பர் 6 அன்று பொருட்காட்சியில் வரிசையாக வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தான் லியான் சோல்கோஷ், வேலையில்லாத தொழிலாளி, போலந்திலிருந்து குடியேறியவர்களின் மகன். கைக்குட்டைக்குள் துப்பாக்கி, அதனால் மெக்கின்லியைச் சுட்டான். பின்னால் நின்ற ஜேம்ஸ் பார்க்கர் என்ற கறுப்பர் அவன்மேல் பாய்ந்தார். பத்திரிகைகள் முதலில் புகழ்ந்தன, விசாரணையில் அவரைச் சாட்சியாகக்கூடக் கூப்பிடவில்லை.

நர்ஸ் என்பதால் எனக்கு ஒட்டிக்கொண்டது மெக்கின்லிக்கு நடந்த அறுவை சிகிச்சைதான். பொருட்காட்சி ஆஸ்பத்திரியில் வெளிச்சம் போதாமல், சாயும் வெயிலைக் கண்ணாடியில் பிரதிபலித்து வயிற்றுக்குள் காட்டினார்களாம். வெளியே ஆயிரக்கணக்கில் பல்புகள். வயிற்றுக்குள் போன குண்டு கிடைக்கவேயில்லை. எக்ஸ்ரே கருவி அதே பொருட்காட்சியில் பார்வைக்கு இருந்தது, பயன்படுத்தவில்லை. எட்டாம் நாள் இரைப்பைப் பக்கம் அழுகிச் செத்துப்போனார். அவர் உயிர் போன வீடு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடம். சுட்ட இடத்தில் ஒரு தெரு. நடுவில் கல்லும் ஒரு தகடும் இருக்கின்றன, அதைச் சுற்றி நாய்களை நடத்திக்கொண்டு போகிறார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் துணை ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், அப்போது 42 வயது. நியூயார்க் கவர்னராக இருந்து கட்சிப் பெரியவர்களுக்குக் குடைச்சல் கொடுத்ததால், ஒன்றுக்கும் உதவாத துணை ஜனாதிபதி நாற்காலிக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே டெலவேர் அவென்யூவில் நண்பர் வீட்டு நூலகத்தில், கடன் வாங்கிய கோட்டோடு பதவியேற்றார். அந்த வீடு இப்போது மியூசியம், போய்ப் பார்த்தேன். வழிகாட்டி அம்மாள் அன்றைய நாட்டின் பிரச்சினைகளை வரிசையாகச் சொன்னார்: குழந்தைத் தொழிலாளர், ரயிலையும் எண்ணெயையும் பிடித்துவைத்திருந்த முதலாளிகள், இனவெறி. உங்கள் மேடைப் பேச்சைக் கேட்பதுபோலவே இருந்தது.

உங்களுக்குப் பிடிக்கிற பகுதி இதுதான். 1902இல் பென்சில்வேனியாவில் சுமார் 1,40,000 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1894இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தை அடக்க ராணுவம்தான் போனது. இந்த முறை ரூஸ்வெல்ட் இரண்டு தரப்பையும் பேச்சுக்குக் கூப்பிட்டார், கமிஷன் போட்டார். கடைசியில் கூலி 10 சதவீதம் கூடியது, வேலை நேரம் 9 மணியாகக் குறைந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. டேனரி (தோல் தொழிற்சாலை) வாசலில் நீங்கள் நடத்திய பேச்சுவார்த்தைகளும் இப்படித்தானே முடிந்தன? குளிர்காலம் நெருங்க, கரியில்லாமல் ஊர் கொந்தளிக்கும் என்ற பயமும் இதற்குக் காரணம். ரூஸ்வெல்ட்டை நான் தலையில் வைத்து ஆடவில்லை. கியூபா மலையில் குதிரைப்படை நடத்தியதையே வாழ்நாள் பெருமையாகச் சொன்ன ஆள் அவர், பிலிப்பைன்ஸைக் கைவிட அவருக்கும் மனமில்லை.

அடுத்த 20 வருஷத்தில் நிறைய மாறியது. 1906இல் கலப்பட உணவுக்கும் மருந்துக்கும் எதிரான சட்டம் வந்தது. செனட்டர்களை அதுவரை மாநிலச் சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன, நம் ராஜ்யசபா மாதிரி. பணம் எப்படி விளையாடியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 1913இல் அது மக்கள் கைக்கு வந்தது. 1920இல் நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு. அதற்காக 1872லேயே ஓட்டுப் போட்டுக் கைதான சூசன் பி. ஆன்டனியின் ஊர் ராசெஸ்டர், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். தேர்தல் நாளில் பெண்கள் அவர் கல்லறையில் "நான் ஓட்டுப் போட்டேன்" ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். இங்கே விரலில் மை வைக்கும் வழக்கமில்லை, ஸ்டிக்கர்தான்.

அதே சீர்திருத்தக் காலத்தில்தான் தெற்கே கறுப்பர்களின் ஓட்டைப் பிடுங்கினார்கள். லூசியானாவில் 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பு வாக்காளர்கள் 1904இல் சுமார் 1,300 பேர்தான். சீர்திருத்தம் பேசிய பலரும் இதைக் கண்டுகொள்ளவில்லை.

பிலிப்பைன்ஸ் போரை எதிர்த்தவர்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் அப்பா. மார்க் ட்வெய்ன், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், கோடீஸ்வரர் கார்னகி, மூவரும் ஒரே சங்கத்தில். இந்தக் கூட்டணியை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? தோற்றுத்தான் போனார்கள். சிப்பாய்கள் கைதிகள் வாயில் தண்ணீரை ஊற்றிச் சித்திரவதை செய்ததை 1902இல் செனட் கமிட்டி முன்னால் சிப்பாய்களே சொன்னார்கள். அது எழுத்தில் இருப்பதால்தான் நானும் அக்காவும் இன்று படிக்க முடிகிறது.

விண்ணப்பத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நான் இருந்தேனா என்றுதான் கேள்வி, அப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை, கவலை வேண்டாம்! மெக்கின்லி கொலைக்குப் பிறகு 1903இல், அவரைச் சுட்ட சோல்கோஷ் மாதிரி எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதிகளை உள்ளே விடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், இந்தக் கேள்விக்கெல்லாம் அதுதான் தாத்தா. நம்மையும் வெகுகாலம் உள்ளே விடவில்லை. இந்தியர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் குடியுரிமை வாசலை ஒரே சட்டத்தில், 1946இல்தான் திறந்தார்கள். அக்காவிடம் சொன்னேன், "அப்போ நாம ஒரே பேட்ச்" என்றார்.

சத்தியத்தில் ஒரு வரி எனக்கும் உறுத்துகிறது. சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன் என்று சொல்ல வேண்டும். ஆயுதமில்லாத படை வேலை செய்வேன் என்றும் ஒரு வரி உண்டு. நர்ஸைக் கூப்பிட்டால் கட்டுக் கட்டத்தான் கூப்பிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். வரி கட்டுகிறேன், அந்த வரியில் குண்டும் வாங்குகிறார்கள். போன வாரம் ஊர்த் தேர்தல் நடந்தது, வார்டில் எல்லோரும் ஸ்டிக்கரோடு வந்தார்கள், நான் சும்மா நின்றேன். கேள்வி கேட்க ஓட்டு வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

இன்டர்வியூ ஜனவரியில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும், பிறகு வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ கார்டு எடுப்பேன். அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வருவதற்குத் தடையில்லை என்கிறார்கள். ஏரிக்கரை நிலத்தைப் பற்றி ஒரு தடவை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். பதிலைத் தாளிலேயே எழுதுங்கள், திட்டி எழுதினாலும் சரி. அம்மாவுக்கு இந்த மாதச் சுகர் டெஸ்ட் எடுத்தாயிற்றா?

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்