கீறல் இல்லை என்பது சான்று ஆகாது

ஆசிரியருக்கு,

கார்பன் ஃபைபர் தகட்டின் மேல் எடையைப் போட்டுவிட்டு, ‘கீறல்கூட விழவில்லை’ என்று வியக்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அடி வாங்கிய உலோகம் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் ஃபைபர் போல அடுக்கடுக்காய் ஒட்டிய கலப்புப் பொருளில் மேலே தடவினால்தான் தெரியும் பள்ளம். உள்ளே அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிசினான ரெசின் விட்டுப்போய், அதைவிடப் பல மடங்கு அகலத்துக்கு அடுக்குகள் பிரிந்திருக்கும்.

இப்படிப் பிரிந்த தகடு இழுவிசையை ஓரளவு தாங்கும், அமுக்கினால்தான் ஆபத்து. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஒரு தகடு நான்கு சம அடுக்குகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 64-இல் ஒரு பங்கு விறைப்பே மிஞ்சும்; நான்கையும் கூட்டினாலும் 16-இல் ஒரு பங்குதான். மெல்லிய அடுக்குகள் தனித்தனியே பிதுங்கி வளைந்து, பிளவு பக்கவாட்டில் ஓடும்.

ஆகவே அடித்த பிறகு அமுக்கிப் பார்க்க வேண்டும். சோதனைத் தரமுறைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் டி7136 அடிப்பதற்கான முறை, டி7137 அமுக்குவதற்கானது. 150×100 மி.மீ. தகடு, தடிமன் சுமார் 5 மி.மீ. அதை 125×75 மி.மீ. திறப்புள்ள சட்டத்தில் வைத்து, நான்கு மூலைகளிலும் ரப்பர் முனைப் பிடிகளால் அழுத்தி, 16 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோள முனையால் அடிப்பார்கள். ஒரு மி.மீ. தடிமனுக்கு 6.7 ஜூல், 5 மி.மீ.க்கு 33.5 ஜூல். 5.5 கிலோ எடையென்றால் சுமார் 62 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். துள்ளி எழும் எடையைப் பிடித்துவிட வேண்டும். இரண்டாம் அடி விழுந்தால் அந்தத் தகடு வீண். பள்ளத்தின் ஆழத்தை உடனே அளப்பது நல்லது, நேரம் போனால் அது கொஞ்சம் மேலெழும்பிவிடும். உள்ளே பிரிந்த பரப்பை மீயொலிப் படம் சொல்லும்.

அமுக்கும் கட்டத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 150 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும். வேகம் நிமிடத்துக்கு 1.25 மி.மீ. மேல், கீழ் விளிம்புகள் துல்லியமாக இணையாக இல்லையென்றால் சுமை ஒரு மூலையில் ஏறி, அடிபட்ட இடத்தை விட்டுவிட்டுத் தகட்டின் விளிம்பு நொறுங்கும். அப்படிக் கிடைத்த வலிமை எண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பக்கத் தாங்கிகளை இறுக்கிவிட்டால் உராய்வு சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வலிமையைக் கூட்டிக் காட்டும். முன்னும் பின்னும் நேருக்கு நேர் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்களின் (நீட்சி, சுருக்கத்தை அளக்கும் உணரிகளின்) அளவு விலகிப்போனால் தகடு முழுவதுமாக வளைகிறது என்று பொருள். வளைவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெல்லிய தகடுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

உச்ச விசையை அகலம், தடிமன் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் எஞ்சிய வலிமை வரும். அது தடிமன், அடுக்கு வரிசை, அடியின் ஆற்றல் மூன்றோடும் கட்டுண்ட எண். இம்மூன்றையும் சொல்லாமல் ‘இந்த ரெசின் அதைவிட உறுதி’ என்று இரு பொருட்களை ஒப்பிட முடியாது. இனி இத்தகைய செய்தி வரும்போது, அடிபடாத தகட்டின் அமுக்க வலிமையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

– பொருள் சோதனைப் பொறியாளர்