தேயிலை விலைச் செயலிக்கும் ஹோம்ஸ்டே செயலிக்கும் கமிஷன் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஆப் போட்டால் 30 சதவீதம் போய்விடும்’ என்ற பேச்சு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செயலி எழுதும் இளைஞர்களிடமும் இருக்கிறது. முழு விவரம் தெரியாததால் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டுவதும் நடக்கிறது.

செயலிக்குள் என்ன விற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான், செயலிகளை வெளியிடும் கூகுள் பிளேயும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் எடுக்கும் கமிஷன். ஹோம்ஸ்டே அறை, ஜீப் வாடகை, ஊட்டி வர்க்கி, யூகலிப்டஸ் தைலம் போல கையில் வாங்குவதற்கும் நேரில் அனுபவிப்பதற்கும் கூகுளிலும் ஆப்பிளிலும் ஒரு பைசா கமிஷன் கிடையாது. இவற்றுக்குக் கூகுளின் சொந்தக் கட்டண முறையான பிளே பில்லிங்கை இணைக்கவே கூடாது, அது விதிமீறல். யுபிஐயோ, இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயோ போதும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையை அலசிச் சொல்லும் சந்தா, படுகு மொழிப் பாடம், மலைப்பாதைக்கான ஒலி வழிகாட்டி ஆகியவை போனுக்குள்ளேயே பயன்படுபவை. கமிஷன் இவற்றுக்குத்தான்.

அதிலும் சிறியவர்களுக்கு 30 அல்ல. கூகுளில் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவுக்கு 15 சதவீதம். ஒருமுறை விற்பனைக்கு, ஆண்டு வருமானத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை அதே 15. ஆனால் ஒருமுறை விற்பனைக்கான இந்தச் சலுகை கேட்காமல் கிடைக்காது. டெவலப்பர்கள் செயலியை நிர்வகிக்கும் கூகுள் தளமான பிளே கன்சோலில் கணக்குக் குழு ஒன்றை உருவாக்கி, தமக்குத் தொடர்புள்ள மற்ற டெவலப்பர் கணக்குகளையும் அதில் காட்டி, நிபந்தனைகளை ஏற்க வேண்டும். இதைச் செய்யாதவரிடம் முதல் ரூபாயிலிருந்தே 30 பிடிக்கப்படும். ஆப்பிளின் சிறுதொழில் திட்டத்துக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

சிறு விவசாயிகள் சங்கங்களுக்கு உகந்த வழி வேறொன்று. சந்தாவைத் தங்கள் இணையதளத்தில் யுபிஐ மூலம் வாங்கிக்கொண்டு, செயலியை உள்நுழைந்து பார்க்க மட்டும் வைக்கலாம், கமிஷன் இல்லை. செயலிக்குள் ‘இங்கே பணம் கட்டுங்கள்’ என்று வெளி இணைப்பு மட்டும் வைத்துவிடக் கூடாது.

பிளே பில்லிங்கே வேண்டும் என்பவர்கள் மழைக்காலத்தை நினைத்து நிரல் எழுத வேண்டும். விற்பனையை 3 நாளுக்குள் ‘அக்னாலெட்ஜ்’ செய்யாவிட்டால், அதாவது கூகுளிடம் உறுதி செய்யாவிட்டால், கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். யுபிஐ பணம் நிலுவையில் நின்று, பின்னால் வந்து சேர்வதும் உண்டு. அந்த நேரம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ மரம் விழுந்து, மின்சாரமும் சிக்னலும் போயிருந்தால், போனிலிருக்கும் செயலியால் உறுதி செய்ய முடியாது. ஆகவே கூகுள் அனுப்பும் உடனடி அறிவிப்பை நம் சர்வர் வாங்கி, அங்கிருந்தே உறுதி செய்ய வேண்டும். நிலுவையில் இருக்கும்போதே பாடத்தைத் திறந்துவிடுவதும் தவறு; பணம் வராமலே போகலாம்.

இவ்வளவும் டெவலப்பர் கையில் இருப்பவை. கூகுள் எடுக்கும் கமிஷன் விகிதம் மட்டும் நம் கையில் இல்லை. பிளே பில்லிங்கைக் கட்டாயமாக்கியதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இந்தியாவில் மாற்றுக் கட்டண வசதியும் வந்தது. வாடிக்கையாளர் அதைத் தேர்ந்தெடுத்தால் கமிஷனில் 4 சதவீதம் குறையும், 15 என்பது 11 ஆகும். 99 ரூபாய் சந்தாவில் கணக்குப் பாருங்கள்: பழைய வழியில் 14.85 ரூபாய். புதிய வழியில் கூகுளுக்கு 10.89, கேட்வே 2 சதவீதம் கேட்டால் அதன் ஜிஎஸ்டியோடு 2.34. ஆக 13.23. மிச்சம் 1.62 ரூபாய். அதற்காக இரண்டு கட்டண முறைகளையும் திரையில் காட்டி, ஒவ்வொரு விற்பனையையும் 24 மணி நேரத்துக்குள் கூகுளுக்குத் தெரிவித்து, பணம் திரும்பக் கேட்பவர்களுக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும். ஒருவரோ இருவரோ நடத்தும் செயலிக்கு இது கட்டுப்படியாகாது.

பணத்தை வசூலிக்கும் வேலையே செய்யாதபோதும் கூகுளுக்கு 11 சதவீதம் எதற்காக என்று செலவுக் கணக்கோடு விளக்கும்படி போட்டி ஆணையம் கேட்க வேண்டும். நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினர் இந்தக் கேள்வியை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலி உருவாக்குநர்கள் சிலர்,
குன்னூர்.