ரொக்கத்தை வாங்க மறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

'இப்பல்லாம் யார் ரொக்கம் கொடுக்கிறாங்க' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016 மார்ச்சில் நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு சுமார் 16 லட்சம் கோடி ரூபாய், பணமதிப்பிழப்பு, யுபிஐ எல்லாம் வந்த பிறகு 2024 மார்ச்சில் அது 34 லட்சம் கோடியைத் தாண்டியிருக்கிறது.

நானும் காய்கறிக் கடையில் க்யூஆர் கோடைத்தான் ஸ்கேன் செய்கிறேன். சில்லறைத் தகராறு இல்லை, வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்டும் சிக்னலும் போய் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, கையில் நோட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் பால் பாக்கெட் கிடைத்தது, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செத்துப்போன போனை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அப்புறம், ஸ்மார்ட்போனே இல்லாத பெரியவர்கள். எங்கள் பகுதி மருந்துக்கடை ஒன்றில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாயை நீட்டிய பாட்டியிடம், 'ஆன்லைன்ல மட்டும்தான்மா' என்று சொல்லி பிரஷர் மாத்திரை கொடுக்காமல் அனுப்பியதைப் பார்த்து மனசு கொதித்துவிட்டது. அது ரிசர்வ் வங்கி வெளியிட்ட, செல்லுபடியாகும் நோட்டு. இன்னொரு பக்கம், இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் 2025 மே முதல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை பிடிக்கிறார்கள். நம் பணத்தை நாம் எடுக்க இவ்வளவா?

மருந்து, பால், மளிகை, பஸ் டிக்கெட் இவற்றுக்காவது ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று அரசு தெளிவாக உத்தரவு போட வேண்டும்.

- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை